மூன்றாவது கேமரா

காலையில் ஆறரை மணிக்கு எங்கள் பேக்கரி முன்னால் நான்கு பேர் நிற்போம். உள்ளே நாற்காலி உண்டு. ஆனால் அரசாங்கத்தைத் திட்டுவதற்கு நின்றால்தான் வசதி. பம்ப்புக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைக்காரனான நான், தெருமுனையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய், ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், தேர்தல் வந்தால் மட்டும் கட்சிக்காரராகிவிடும் வீட்டுமனைத் தரகர் ஒருவர். நான்கு டீயும் இரண்டு தேங்காய் பன்னும் தீர்வதற்குள் டெல்லியையும் சென்னையையும் ஒரு வழி செய்துவிடுவோம்.

அந்த நால்வரில் குரல் பெரியது எனக்குத்தான். எதற்கெடுத்தாலும் ஆதார் கேட்கிறார்கள் என்பேன். ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டால் நாம் எத்தனை மணிக்கு மோட்டார் போடுகிறோம் என்பதை எவனோ ஒருவன் ஆபீஸில் உட்கார்ந்தே பார்ப்பான் என்பேன். தனிமனிதர்களின் தகவலைப் பாதுகாக்கச் சட்டம் வருகிறது என்று பேப்பரில் படித்தபோது, சட்டம் போட்டு என்னத்தைக் கிழிக்கப் போகிறார்கள் என்று சிரித்ததும் நான்தான். நம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க எவனுக்கும் உரிமையில்லை என்று பேக்கரி மேசையில் தட்டிச் சொன்ன அதே மாதத்தில், எங்கள் தெருவில் நான்கு கேமராக்களை நானே முன்னின்று மாட்டினேன். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது என்று சத்தியமாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. பால் வாங்கப் போன ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை இரண்டு பேர் பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். தெருவே நடுங்கியது. குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். அன்று சாயங்காலமே மொட்டை மாடியில் கூட்டம் போட்டேன். எல்லோரும் சரி என்றார்கள். பாய் மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

“கேமரா வைங்க, வேண்டாங்கல. அதை யாரு பாக்கறதுன்னு ஒரு கட்டுப்பாடு வேணுமுங்க. எங்க ஊடு இருக்கற பக்கம் ரொம்ப வருசமா எல்லா முக்குலயும் போலீஸ் கேமராதானுங்க. அதனால கேக்கறேன்.”

அவர் கடை எங்கள் தெருவில் இருந்தாலும் வீடு பழைய கோவையின் உள்ளே, நெருக்கமான சந்து ஒன்றில் இருக்கிறது. அவர் அனுபவத்தில்தான் பேசினார் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு நான், ஜி.எஸ்.டி. ஆபீசர் கடைக்கு வந்தால் கட்டுப்பாடே வேண்டாம் என்பீர்கள், கேமராவுக்கு மட்டும் கட்டுப்பாடு கேட்கிறீர்களே என்று கிண்டல் செய்தேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

கேமராவை மாட்ட வந்தவர் கெட்டிக்காரர். ரெக்கார்டர் பெட்டியை என் வீட்டு முன்னறையில் வைத்தார். போனிலேயே எல்லாவற்றையும் பார்க்கலாம், பாஸ்வேர்டை மட்டும் இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது கேமராவை மட்டும் என் வீட்டு கேட் தெரிகிற மாதிரி கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னேன். என் ஸ்கூட்டர் வெளியே நிற்கும், அதற்காக. அன்று மாலை மனைவியையும் மகளையும் கேட்டருகே நிறுத்தி, போனில் அவர்கள் உருவத்தைக் காட்டினேன். எனக்கு அப்படி ஒரு பெருமை. இனிமேல் யாரோடு நின்று பேசினாலும் இந்த இடத்தில் நின்று பேசுங்கள், இருட்டு மூலையில் நிற்க வேண்டாம், கேமரா பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். மகள் கேமராவைப் பார்த்துக் கையாட்டினாள்.

இரண்டு பேருக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்ற பேச்சு மூன்று நாள்கூட நிற்கவில்லை. கோவைப் பக்கத்து ஆட்களான நாங்கள், யார் முகத்துக்கு எதிரிலும் முடியாது என்று சொல்லிப் பழகாதவர்கள். கடன் கேட்டாலும், பெண் கேட்டாலும், பிடிக்காவிட்டால் “பாக்கலாமுங்க” என்போம், கேட்டவர் புரிந்துகொண்டு போய்விடுவார். ஆனால் பாஸ்வேர்டு கேட்டவர்கள் யாரும் புரிந்துகொள்ளவில்லை. நானும் சந்தா குடுத்தனே, எனக்கு மட்டும் இல்லீங்களா என்று சிரித்த முகத்தோடு வாசலில் நின்றார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவருக்குச் சங்கடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாற்பது வீட்டுக்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் பாஸ்வேர்டை நானே தட்டிப் போட்டேன். கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. எனக்கு அன்று நல்ல தூக்கம்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. மகள் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விடிகாலையில் போய், பொழுதோடு நாலரைக்குத் திரும்புவாள். நாலு மணியானால் பட்டறையில் என் கை தானாகப் போனை எடுக்கும். லேத்து ஒரு பக்கம் ஓடும், நான் மூன்றாவது கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆபீஸ் வேன் வந்து அவள் இறங்கி கேட்டைத் திறந்தால்தான் மூச்சு சீராகும். செவ்வாயும் வியாழனும் வேனில் வர மாட்டாள். ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கில் கொண்டுவந்து விடுவான். கேட்டருகே நின்று இரண்டு நிமிடம், நாலு நிமிடம் பேசுவார்கள். அவள் சிரிப்பாள். சிரிக்கிறாள் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத, சத்தமில்லாத அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். அவளிடமே கேட்டுவிடுங்கள் என்று மனைவி சொன்னாள். கேட்டிருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்கத் தைரியமில்லாதவன் பட்டறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளையின் அத்தை எங்கள் தெருவில்தான், எங்களிலிருந்து ஏழாவது வீட்டில் இருக்கிறார். ஜாதகம் பொருந்திவிட்டது. இனி விசாரிப்பு.

எங்கள் பக்கத்தில் விசாரிக்காமல் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். எனக்குப் பெண் பார்த்தபோது என் அப்பா உடுமலைப்பேட்டைக்குப் போய், மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில் நாலு கடைகளில் டீ குடித்து விசாரித்தார். அதில் ரொம்பவும் புகழ்ந்து பேசினவர், மாமனாரோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லாதவராம். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு பெண்ணின் காரியம் என்பதால் மனுசன் பெருந்தன்மையாகப் பொய் சொல்லியிருக்கிறார். கேமராவுக்கு அந்த மாதிரிப் பொய் சொல்லத் தெரியாது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஒரு புதன்கிழமை கல்யாணத் தரகர் போன் செய்தார். குரலில் தேன்.

“ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பா செவ்வாயும் வியாழனும் ஒரு பைக்ல வந்து எறங்குதுங்களாமா. போன வாரம் ஏழு நிமிசம் நின்னு பேசுச்சுங்களாமா. மணியெல்லாம் அந்த வீடியோவுலயே ஓடுதுங்க. என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க.”

எந்த வீடியோ என்று கேட்டேன். அனுப்பி வைத்தார். என் கேட், என் வாசல், என் மகள். ஏழாவது வீட்டு அத்தை தன் போனிலிருந்தே எடுத்து, இருந்த ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். திருட்டுத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. பாஸ்வேர்டு நான் கொடுத்தது.

சம்பந்தம் போனால் போகட்டும் என்றிருந்தது. அதைவிடப் பெரிதாக வேறொரு பயம் வந்தது. ஒரு பெண், கூட ஒரு பையன், அவன் என்ன ஆளுக, என்ன சாதி என்று ஊர் கேட்கத் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று பேப்பர் படிக்கிற யாருக்கும் தெரியும். அந்தச் செய்திகளை நானே பேக்கரியில் சத்தமாகப் படித்திருக்கிறேன். படித்துவிட்டு, போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு மைத்துனர் உடுமலையிலிருந்து கூப்பிட்டார். மகளுக்குத் தாய்மாமன். பாசக்காரர், அவள் காது குத்துக்கு மடியில் உட்காரவைத்துக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதவர். அவருக்கும் வீடியோ போயிருந்தது. கோபமாகப் பேசியிருந்தால்கூட நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகப் பேசினார்.

“மச்சான், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. அந்த வீடியோவுல வண்டி நம்பரு மங்கலா இருக்குதுங்க. ரெக்கார்டுல பெருசு பண்ணிப் பாத்தா தெரியுமாமா. அந்தப் பாஸ்வேர்டைக் கொஞ்சம் அனுப்பி உடுங்க. பொறவு நான் பாத்துக்கறேன்.”

என்ன பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன். முடியாது. அவர், சரிங்க மச்சான், ஏழாவது வீட்டுக்காரங்ககிட்டயே கேட்டுக்கறேன் என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்தார்.

பாஸ்வேர்டை மாற்றத் தெரியவில்லை. பதிவை அழிக்கவும் தெரியவில்லை. எதை அமுக்கினாலும் வேறெதுவோ வந்தது. வயர்களைப் பிடுங்கி, பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதானே. உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி, டிரில்லிங் மிஷினில் பிடித்து, நாலு ஓட்டை போட்டேன். வேலையாட்கள் வேடிக்கை பார்த்தார்கள். சங்கத்துச் சொத்து அது. செயலாளர் செய்கிற வேலையா என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் ஐந்தாவதாக ஒன்று போட்டேன்.

அப்படியே பாய் கடைக்குப் போனேன். இவ்வளவையும் சொன்னேன். போன்களில் போய்ச் சேர்ந்துவிட்ட படத்தை அழிக்கச் சொல்வதற்கு ஏதாவது சட்டம், ஏதாவது ஆபீஸ், மனுக் கொடுக்க ஏதாவது இடம் இருக்கிறதா என்று கேட்டேன். எந்த வாயால் கேட்கிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர் என்னைக் கிண்டல் செய்திருக்கலாம். செய்யவில்லை. வக்கீல் ஒருவரைத் தெரியும், சாயங்காலம் போகலாம் என்றார். பிறகு ஆணி எடை போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி, இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே என்றார்.

ஆமாம், வியாழக்கிழமை. மகளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வண்டியில் வந்துகொண்டிருந்தாள் போல. நாலேகாலுக்கு ஓடிப்போய்த் தெருமுனையில் நின்றேன். பைக் வந்ததும் கையை நீட்டி மறித்தேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முதல்முறையாக முகம் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை, என்னைப் பார்த்துப் பாதி சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“தம்பி, இனிமே இந்தத் தெருவுக்குள்ள வர வேண்டாமுங்க. இப்பவே திரும்பிப் போயிருங்க. கொஞ்ச நாளைக்கு வண்டிய வெளிய எடுக்காதீங்க.”

மிரட்டுவதாகத்தான் அவனுக்குப் பட்டிருக்கும். என் குரல் மைத்துனரின் குரல் மாதிரியே இருந்தது. சரிங்க சார் என்று, மகள் இறங்கியதும் வண்டியைத் திருப்பினான். போகும்போது வண்டி நம்பர் பளிச்சென்று தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மகள் என் முன்னால் வேகமாக நடந்தாள். பின்னாலேயே போய், நடந்ததையெல்லாம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தேன். தரகர், அத்தை, மாமன், வண்டி நம்பர், டிஸ்க்கில் போட்ட ஓட்டை. கேட்டருகே வந்ததும் நின்றாள். எப்போதும் நிற்கிற அதே இடம்.

அவர் என்கூட வேலை செய்யறவர் என்றாள். செவ்வாயும் வியாழனும் மீட்டிங் நீண்டு வேனை விட்டுவிடுவதால் கொண்டுவந்து விடுகிறார் என்றாள். முக்கிலேயே இறக்கிவிடச் சொல்லியிருக்கலாமே கண்ணு, ஏன் எல்லாரும் பார்க்கிற மாதிரி இங்கே நின்று பேசினாய் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அவள் கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

“நீங்கதானுங்கப்பா சொன்னீங்க, யார்கூட பேசினாலும் இங்க நின்னு பேசுன்னு.”

ஏழாவது வீட்டு மாடியில் அத்தை காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், கையில் துணியோடு கைப்பிடிச் சுவருக்கு வந்தார்.

“ஏனுங்க, இன்னைக்குப் போனுல ஒண்ணுமே தெரியலீங்க, பாப்பா வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சுங்க” என்றேன்.