பால்துரை அண்ணாச்சி ரகசியமாக ஏலம் எடுத்த வீடு

பால்துரை அண்ணாச்சியை ஏமாற்ற தூத்துக்குடியில் இனிமேல்தான் ஒருவன் பிறந்து வர வேண்டும். இதைச் சொன்னது வேறு யாருமில்லை, பால்துரை அண்ணாச்சிதான். தன் பலசரக்குக் கடைக்குத் துவரம்பருப்பு எடுக்கப் போனால், மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டு அள்ளி, கடித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அதற்குப் பிறகும் விலையைக் குறைக்கச் சொல்லி நிற்பார். அப்பேர்ப்பட்டவர் முப்பத்தெட்டு லட்சத்துக்கு ஒரு வீட்டை எதிர்த்த டீக்கடையில் நின்று பார்த்தே வாங்கினார்.

அவர் மனைவி முத்துச்செல்வி இருபத்திரண்டு வருடமாக வாடகை வீட்டு அடுக்களைகளில் வெந்தவள். இருக்கிற வீட்டையும் ஆடி பிறக்குமுன் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சொந்தமாக ஒரு அடுக்களை, அவள் கேட்டது அவ்வளவுதான்.

அப்போதுதான் பேப்பரில் வங்கி ஏல விளம்பரம் வந்தது. கடன் கட்ட முடியாத லாரிக்காரர் ஒருவரின் வீடு, ஊர் விலையில் முக்கால்வாசிதான். வெளியே தெரிந்தால் நாலு பேர் போட்டிக்கு வந்துவிடுவார்களே! அண்ணாச்சி யாரிடமும் மூச்சு விடவில்லை. வக்கீலைக் கேட்கவில்லை, வக்கீலுக்கு ஓட்டை வாய். வில்லங்கச் சான்று எடுக்கவில்லை, வங்கியே விற்கும்போது வில்லங்கம் எங்கிருந்து வரும்? வாஸ்து பார்ப்பவரை மட்டும் அந்த டீக்கடை வரை கூட்டிப்போனார், அவரிடமும் மச்சான் வீடு என்று பொய். ஈசானிய மூலை பிரமாதம் என்றார் அவர். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பது வாஸ்துவில் வராது.

ஏல அறிவிப்பு பதினாலு பக்கம். விலை முதல் பக்கத்திலேயே இருந்ததால் அண்ணாச்சி அதோடு நிறுத்திக்கொண்டார். வீடு உள்ளது உள்ளபடிதான், வங்கி அதைக் காகிதத்தில்தான் எடுத்திருக்கிறது, கையில் எடுக்கவில்லை, பழைய வீட்டு வரியும் கரண்டு பாக்கியும் வாங்குபவர் தலையில் என்பதெல்லாம் ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தன.

நல்ல நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏலம் கேட்டார். எதிர்த்துக் கேட்க ஒரு ஈ காக்கை வரவில்லை.

“பாத்தியா ஏளா, ஒருத்தனுக்கும் தெரியாம முடிச்சிட்டேன்!” என்றார் மனைவியிடம்.

கால்வாசிப் பணத்தை உடனே கட்டியாயிற்று, பதினைந்து நாளில் மீதியைக் கட்டாவிட்டால் கட்டியதும் போய்விடும். அவள் நகையெல்லாம் அடகுக்குப் போயிற்று, கடைச் சரக்கு பாதியாயிற்று. விற்பனைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அண்ணாச்சி வங்கியில் போய்ச் சாவி கேட்டார்.

“சாவி எங்ககிட்ட ஏது சார்? ஆள் குடியிருக்காங்க. நோட்டீஸ்ல போட்டிருக்கே, படிக்கலையா?” என்றார் அதிகாரி.

மனைவியோடு போய்க் கதவைத் தட்டினார். திறந்தவள் பள்ளிக்கூட டீச்சர் ஜெபசுதா.

“ஒத்திக்கு இருக்கோம் அண்ணாச்சி. வாடகைக்குப் பதிலா லாரிக்காரர்ட்ட ஆறு லட்சம் குடுத்து, பேங்குக் கடனுக்கு முன்னாடியே பத்திரம் பதிஞ்சாச்சு. அத யாரு தந்தாலும் அன்னைக்கே காலி பண்ணுதோம்.”

ஆறு லட்சத்துக்கு அண்ணாச்சி எங்கே போவார்? “இத ஒருத்தரும் சொல்லலியே!” என்றார்.

“தெருவுக்கே தெரியுமே. அதனாலதான் ரெண்டு தடவ ஏலம் விட்டும் ஒருத்தரும் வரல. நீங்க டீக்கடையில நின்னு பாத்தப்போ கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்.”

ஊருக்கே தெரிந்த விஷயத்தை அண்ணாச்சி தன்னிடமிருந்து மட்டும் இவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருந்தார்.

“அக்கா, நீங்க உள்ள வாங்க” என்று ஜெபசுதா முத்துச்செல்வியை அழைத்துப் போனாள். அவள் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வரும்வரை வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

பாதி வழியில் மெல்லக் கேட்டார்: “அடுக்களை எப்படி?”

“நல்ல வெளிச்சம். அந்தப் பிள்ள சுத்தமா வச்சிருக்கா.” கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னாள்: “ஆடிக்குப் பதினோரு நாள்தான் கெடக்கு. வாடகைக்கு வீடு பாக்கணும். இந்தத் தடவையாவது நாலு பேருகிட்ட கேளுங்க.”