கறுப்புக் கயிறும் கடியும்

முதல் கடி விழுந்தது தைப்பூச விடுமுறைக்குப் பிந்திய திங்கட்கிழமை. அன்றுதான் என் தங்கை தொழிற்சாலையில் இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாறினாள். மலேசியாவில் லிங்கி ஊர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாலர் பள்ளியில் அன்றே சேர்த்த அவளுடைய நான்கு வயது மகள், பக்கத்துப் பையனைக் கடித்துவிட்டாள். மறுநாள் இன்னொரு பிள்ளையை. வாரக் கடைசியில் டீச்சரையே.

“இன்னொரு தடவ கடிச்சா நான் வச்சிக்க முடியாதுங்கண்ணே. மத்த பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்க,” என்றார் டீச்சர்.

பகலில் எங்கள் வீட்டில் யாரும் இருப்பதில்லை. தங்கை வேலையை விடவேண்டியதுதான்.

குழந்தை வளர்ப்புப் புத்தகங்களைப் புரட்டினேன். மைலோவில் சீனியைக் குறைத்தோம். சிங்கப்பூரில் இருக்கும் அவளுடைய அப்பாவை நினைத்து ஏக்கமோ என்றால், அவர் போனது அவள் தவழ்ந்த காலத்தில். தூக்கக் குறைவா? கடித்த நாட்களில்தான் நன்றாகத் தூங்கியிருந்தாள்.

ஒரு காலை விடுப்பெடுத்துப் பள்ளி வாசலில் நின்றேன். பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்தார்கள். இவள் வலக்கையைத் தாராளமாகக் கொடுத்தாள். இடக்கையை ஒரு பிள்ளை பிடிக்க வந்ததும் பல் தெரிந்தது. நல்லவேளை, டீச்சர் அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டார்.

அந்த மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அதைக் கட்டுவதற்கு முன் சில வாரங்களாக அவள் அந்தி நேரத்தில் அலறிக்கொண்டிருந்தாள். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று தைப்பூசத்தன்று முனியாண்டி கோயிலில் மந்திரித்துக் கட்டியது.

“புள்ளைக்கு என்ன சொல்லி அனுப்புற?” என்று தங்கையைக் கேட்டேன்.

“கயித்த யாரையும் தொட விடாதடின்னு தெனம் சொல்றேன். பூசாரி சொன்னதுதானே!”

“அதத்தான்லா செய்யிறா.”

“அதுக்குன்னு கழட்டச் சொல்றீங்களா? திரும்ப அலறுனா நீங்களா தூக்கி வச்சிக்குவீங்க?”

கயிறு இடுப்புக்குப் போனது, அரைஞாணோடு. கடி நின்றது. டீச்சர் வைத்துக்கொண்டார்.

அலறல்தான் எனக்குப் பிடிபடவில்லை. கயிறு கட்டியதால் நின்றது என்கிறாள் தங்கை. இரவு வேலைக்கு பஸ் வருவது அந்தியில். அம்மா போவதைப் பார்த்து அலறியிருப்பாள், பகல் வேலைக்கு மாறியதும் நின்றது என்றேன் நான். ஆனால் இரவு வேலை தீபாவளிக்கே தொடங்கிவிட்டது. அலறலோ பொங்கலை ஒட்டித்தான். நடுவில் அதே பஸ்ஸுக்குச் சிரித்துக்கொண்டு கையாட்டியவள் அவள்.

போன ஞாயிறு அவளிடமே கேட்டேன். “ஏம்மா அப்ப அப்படி அலறுன?”

“அது நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப, மாமா,” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.