விடையைச் சொன்ன தொண்டை

நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். அர்த்தம் பாதிதான் பிடிபடும். அப்படிப்பட்ட நான் என் மகளின் வங்கித் தேர்வுக்குப் பத்து நாள் ஆங்கிலக் கேள்விகளை வாசித்துக் காட்டிய கதையைத்தான், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்கிறேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் அவள் கண்ணில் தூசி விழுந்து புண்ணாகிவிட்டது. கட்டுப் போட்ட மருத்துவர், பத்து நாளைக்குப் புத்தகம், செல்போன் எதையும் பார்க்கக் கூடாது என்றார். போன தடவை அவளைக் கவிழ்த்ததே பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள்தான். ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக்கிக் கொடுத்திருப்பார்கள். இலக்கணப் பிழை எந்தத் துண்டில் என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டு வந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"நான் வாசிக்கேன் ட்டி. நீ காதால கேளு" என்றேன்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

"பைய வாசிங்கப்பா. ரயிலப் பிடிக்கவா போறிய?"

முதல் நாளே இருபதுக்குப் பதினெட்டு! மறுநாள் மில்லில் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். "கண்ணக் கட்டிக்கிட்டே பதினெட்டுன்னா, கட்டவுத்தா கலெக்டர்தாம் வே!" என்று கூட இருந்தவர் சிரித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாலாம் நாள் பாதியில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"யப்பா, விடைய முன்னாலயே பாத்துட்டா வாசிக்கிய?"

"ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்தப் புரட்டணும்லா. அதான் விடைத் துண்டுல பென்சில்ல புள்ளி வச்சிருக்கேன். ஏன் கேக்க?"

"தப்பு இருக்க துண்டு வந்தா மட்டும் தொண்டையச் செருமுதிய."

சத்தியமாக எனக்கே அது தெரியாது. அவள் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை தொண்டை வழியாக வந்திருக்கிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சிட்டேன். மார்க்கு வருதேன்னு பேசாம இருந்துட்டேம்ப்பா."

அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள். "உங்ககிட்ட ஒரு ரகசியம் சொல்ல முடியுமா?" என்று திட்டிக்கொண்டே விடைப் பக்கங்களைக் கிழித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். என்னைப் புள்ளிகளையெல்லாம் ரப்பரால் அழிக்கவும் வைத்தாள்.

அன்று இருபதுக்கு ஆறு.

நான் புத்தகத்தை மூடப் போனேன். அவளோ, "இதாம்ப்பா என் மார்க்கு. இனிமேதான் படிக்கணும்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். விட்ட கேள்வியை மூன்று முறை, நான்கு முறை வாசிக்கச் சொன்னாள். "அந்த வார்த்தைக்குக் கடைசியில எஸ் இருக்கா, நல்லாப் பாருங்க" என்பாள். நான் விரல் வைத்துப் பார்த்துச் சொல்வேன். தவறாகச் சொன்னால், "கண்ணு எனக்கா கெட்டுப்போச்சு, உங்களுக்கா?" என்று கேலி வேறு. கட்டு அவிழ்க்கப்போன அன்று பதினான்கு வாங்கியிருந்தாள். ஒவ்வொன்றும் அவளுடையது.

திருநெல்வேலியில் தேர்வு எழுதினாள். சில வாரம் கழித்து முதல் கட்டத்தில் தேறியவர்கள் பட்டியலில் அவள் எண் வந்தது. அடுத்த கட்டம் இன்னும் பாக்கி. அதில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அவள் சொல்லியிருக்காவிட்டால், அந்தப் பதினெட்டை நம்பியே தேர்வு நாள் வரை நான் சந்தோஷமாக இருந்திருப்பேன், அவளையும் பள்ளத்தில் தள்ளியிருப்பேன். கூசிக்கொண்டாவது வாய் திறந்தாளே! மகளிடம் போய் நன்றி என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.