ஆல்ஃபில்ட் உரித்த இறால்

ஆல்ஃபில்டுக்கு அறுபத்தெட்டு வயது. துறைமுகத்து மீன் கொட்டகையில் இறால் உரித்தே முப்பது வருஷத்தை ஓட்டியவள். உப்புநீர் பாட்டிலில் மிதக்கும் கடை இறாலைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். படகிலேயே வேகவைத்து இறக்கியதைக் கையால் உரித்தால்தான் அவளுக்கு இறால். அந்த விஷயத்தில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் எங்கள் தீவில் இல்லை. அப்படியொரு வீம்பு!

தம்பி தோர்ஞியிடமும் அதே வீம்புதான். அவள் புருஷனை அடக்கம் செய்த அன்று அவன் வலை இழுக்கப் போய்விட்டான். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது. எங்கள் ஊரில் சண்டை என்றால் சத்தமே இருக்காது. படகுத்துறையில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் லேசாகத் தலையசைப்பார்கள், அவ்வளவுதான்.

ஜூலையில் ஒரு காலை, அக்கரை நகரத்திலிருந்து போன் வந்தது. தோர்ஞி புற்றுநோயோடு கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருந்த இல்லத்தின் நர்ஸ் யென்னிகா பேசினாள்.

"உங்க தம்பி கேக்கச் சொன்னாரு. நீங்க செய்யற ஸ்காகன் டோஸ்ட்டை, அதான் அந்த இறால் வச்ச ரொட்டியை, கொண்டுவர முடியுமான்னு."

"அவனே சொன்னானா?"

"அவரேதான். 'அக்காகிட்ட சொல்லு'ன்னாரு."

ஆல்ஃபில்ட் போனை வைத்தாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு மீன்கடைக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்ட கடைக்காரன் சிக்ஸ்டன் கையை விரித்தான்.

"இறால் படகு ரெண்டு மணிக்குத்தான் வரும். இந்தா, பாட்டில் இறால். பதினோரு மணி படகைப் பிடிச்சுப் போயிடு."

"என் தம்பிக்கு நான் ரப்பரைக் கொண்டுபோய்க் கொடுக்கவா?"

"அவன் இருக்கற நிலைமையில ருசியா பாக்கப்போறான்?"

"வாயை மூடு சிக்ஸ்டன். ஒன்பது வருஷம் கழிச்சுக் கேட்டிருக்கான். ஒழுங்கா செஞ்சுதான் கொண்டுபோவேன்."

பதினோரு மணி படகு அவள் இல்லாமல் போனது. அவள் வீட்டில் முட்டையும் எண்ணெயும் அடித்து மயோனைஸ் செய்தாள். சிவப்பு வெங்காயத்தைப் பொடியாக அரிந்தாள். சோயிக்கீரையை நறுக்கினாள். ரொட்டியைத் துண்டு போட்டு, வெண்ணெயைத் தனியாகக் கட்டி வைத்தாள். ரொட்டியை அங்கேயே போய் வறுக்க வேண்டும், இல்லாவிட்டால் நமத்துப்போகும். கை வேலை செய்ய, வாய் திட்டிக்கொண்டே இருந்தது. "கடங்காரா, இவ்வளவு நாள் எங்கடா போயிருந்த?" திட்டத் திட்ட அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டரைக்கு ஒரு கிலோ இறாலோடு சமையலறையில் உட்கார்ந்தாள். பாதி உரிப்பதற்குள் மறுபடி போன்.

"அம்மா, கொஞ்சம் சீக்கிரம் வந்தா நல்லது. மூணு மணி படகைப் பிடிச்சிடுங்க," என்றாள் யென்னிகா.

"இதோ, இன்னும் அரைக் கிலோதான். நாலு மணி படகுல வந்துடறேன். அவனைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். வற்புறுத்துவது எங்கள் ஆட்களுக்கு வராத காரியம். ஆல்ஃபில்டும் ஏன் என்று கேட்கவில்லை. உரித்த இறாலைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கினாள், பாலேடும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கலந்தாள், ஐஸ் வைத்த டப்பாவில் அடைத்தாள்.

அவள் இல்லத்துக்குள் நுழைந்தபோது மணி ஐந்து. யென்னிகா வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே ஆல்ஃபில்டுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்போ?"

"நாலே காலுக்கு."

தோர்ஞியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. ஆல்ஃபில்ட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள்.

"ஒரு வாய்கூட ஊட்டாம விட்டுட்டேனே பாவி. ஆசைப்பட்டுக் கேட்டானே..."

யென்னிகா தயங்கினாள். பிறகு அவள் தோளில் கையை வைத்தாள்.

"அம்மா, அவருக்கு ஒரு வாரமா தண்ணிகூட இறங்கல. சாப்பிட முடியாதுன்னு அவருக்கே தெரியும். 'வா'ன்னு மட்டும் சொல்லட்டுமான்னு கேட்டேன். 'அப்படிச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு, டோஸ்ட் கேட்டேன்னு சொல்லு, உடனே வந்துடுவா'ன்னாரு. இந்த நாற்காலியைக் காலையிலயே போடச் சொன்னாரு."

ஆல்ஃபில்ட் அவன் கையை எடுத்துப் பிடித்தாள். அதில் இன்னும் சூடு இருந்தது.