பலகைத் தரை போடப் போகிறார்கள்

எங்கள் கம்பெனியின் இரண்டாம் கேட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் இருந்தது. திருவொற்றியூர் உப்புக்காற்றில் ரிங்குகள் இரண்டும் துருப்பிடித்திருந்தாலும் தரை மட்டும் கல் மாதிரி இருக்கும். கம்பெனி நல்ல நிலையில் இருந்த காலத்தில் போட்ட சிமெண்ட்.

நான் பேக்கிங் செக்‌ஷன். எட்டாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை, உயரமும் இல்லை. பந்தைத் தொட்டு ஆடியவன் இல்லை. ஆனாலும் முதல் ஷிப்ட் முடிந்து கை கழுவியதும் கால் தானாக அந்தக் கோர்ட்டுக்குப் போய்விடும். காரணம் என் தம்பி.

அவன் கம்பெனி டீமில் ஷூட்டர். தூரத்தில் நின்று மூன்று பாயிண்ட் போடுகிறவன். அப்பா அம்மா போன பிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். கம்பெனி அவனை ஆட்டத்துக்காகவே கேஷுவல் லேபராக, தினக்கூலிக்கு எடுத்தது. "டீம் லீக்கில் மேலே வரட்டும், பர்மனென்ட் பண்ணிடலாம்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டே வந்தது. அவனுக்கு இருபத்தேழு வயதாகிவிட்டது. ஆட்டத்தைப் பார்த்து வேலை தருகிறவர்கள் அதற்கு மேல் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் மற்றவர்களுக்கு அது கப்பு ஜெயிக்கிற பேச்சு. எனக்கு அது அவன் சோறு.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம். பொங்கல் முடிந்து, சித்திரையில் வரப்போகிற சீசனைப் பற்றிய பேச்சு தொடங்கியிருந்தது. தினமும் பேசுவது நாங்கள் மூன்று பேர். நான், மெயின்டனன்ஸ் வயர்மேன், கேட்டுக்கு வெளியே டீக்கடை வைத்திருந்த பாய். வயர்மேன் வியாசர்பாடிக்காரன். அங்கே பிறந்த பிள்ளைக்கு ஃபுட்பால்தான் மூச்சு. இவன் மட்டும் எப்படியோ பாஸ்கெட்பால் பைத்தியம்.

அந்த வருஷம் எங்கள் டீமின் பிவட், ரிங்குக்கு அடியில் நின்று ஆடுகிற நெட்டைப் பையன், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில் டீமுக்குப் போய்விட்டான்.

"பிவட் பூட்டான், அத்தொட்டு இன்னா மாமு? ரிங்கு பூட்ச்சா?" என்றான் வயர்மேன். "ஷூட்டர் கீறான்ல. உன் தம்பி கை கீற வரிக்கும் கப்பு நம்பள்து."

"போடறது சரிப்பா. போட்டு வுழாத பந்த யாரு எடுப்பா? நீ ஏணி வெச்சு எடுப்பியா?" என்றார் பாய்.

"பாய், நீ டீல சக்கரைய கரெக்டா போடு. டீம நாங்க பாத்துக்கறோம்."

சிரிப்போம். அப்போதெல்லாம் எதற்கும் சிரிப்பு வந்தது.

வழக்கமாகப் பொங்கல் கழித்துப் புதுப் பந்துகள் வரும். அந்த வருஷம் வரவில்லை. "பய்ய பந்துல ஆடினா கை கெட்டிப்படும், கோச்சு ஐடியா" என்றான் வயர்மேன். கோச் நீண்ட லீவில் போனார். "மத்த டீம வேவு பாக்கப் போயிக்கீறாரு." கோர்ட் விளக்குகள் இரண்டு அணைந்துபோயின. இவனே ஸ்டோருக்குப் போய் பல்ப் கேட்டு வெறுங்கையோடு வந்தான். அதற்கும் பதில் வைத்திருந்தான். "சீசனுக்கு முன்ன மொத்தமா புச்சா மாத்தப் போறானுங்கோ. அதான் ஒன்னொன்னா குடுக்கல."

எங்கள் செக்‌ஷனில் ஒரு லைனைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ரிப்பேர் என்றார்கள். ரிப்பேர் செய்ய யாரும் வரவில்லை. காலையில் வேலைக்குள் நுழையும்போது அந்தத் தார்ப்பாயைப் பார்த்தால், சாவு வீட்டில் துணி போர்த்திக் கிடத்தியிருப்பது போலத் தோன்றும். அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மாசி பிறந்ததும் ஒரு சாயங்காலம் டேப்போடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். கோர்ட்டின் நீளத்தை அளந்தார்கள், அகலத்தை அளந்தார்கள். வயர்மேன் என் தொடையில் தட்டினான்.

"பலகைத் தர போடப் போறானுங்கோ மாமு! இன்டோர் மாரி. நான் சொல்லல?"

அன்றைக்கு அதுதான் பேச்சு. பலகைத் தரையில் பந்து எப்படி எழும்பும், சிமெண்டில் பழகிய என் தம்பியின் கால் அதில் வழுக்குமா, புது ஷூ வேண்டுமா. "மயை பேஞ்சா பலக ஊறிடுமே" என்று பாய் கேட்டதற்கு, "அப்பக் கூரயும் போடுவான்" என்றான் வயர்மேன். கூரை போட்டாகிவிட்டது. கேலரியும் கட்டியாகிவிட்டது. எல்லாம் டீ ஆறுவதற்குள்.

தொப்பிக்காரர் எங்களிடம் வந்தார். "இந்தத் தரை எவ்வளவு கனமா போட்டிருக்காங்க, தெரியுமா?" என்று கேட்டார்.

நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம். அடியில் கருங்கல் ஜல்லி, மேலே கம்பி கட்டிய கான்கிரீட், எத்தனை மழைக்கும் இறங்காத தரை. "யானயக் கொண்டாந்து ஆட வுடு சார். ஒரு கீறல் வுடாது" என்று காலால் ஓங்கி மிதித்துக் காட்டினான் வயர்மேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

ஆனால் டேப் கோர்ட்டின் கோட்டில் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டிப் போனது. வேப்பமரத்தடியில் நாங்கள் கும்பிடுகிற அம்மன் கல்லைத் தாண்டி, சுற்றுச்சுவர் வரைக்கும் போனது. அம்மனுக்குப் பின்னால் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோர்ட்டுக்குத் தரை போடுகிறவர்களுக்கு அம்மனுக்குப் பின்னால் என்ன வேலை? வயர்மேனிடம் கேட்டேன்.

"கார் நிறுத்த எடம் வாணாவா? பெரிய மேட்ச்சு வந்தா பெரிய ஆளுங்கோ வருவாங்கோ நைனா."

அந்த அம்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு சீசனில், பாதி லீக்கில் எங்கள் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் வேறு ஊர் டீமுக்கு ஓடிவிட்டான். அடுத்த வருஷம் வயர்மேன் ஒரு யோசனை சொன்னான். திருவிழாவுக்குக் காப்பு கட்டினவர்கள் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது அல்லவா? டீமுக்கும் அதே மாதிரி காப்பு கட்டிவிடுவோம் என்றான். விளையாட்டாகத் தொடங்கியதுதான். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மன் காலடியில் பந்தை வைத்து, கற்பூரம் காட்டி, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டுவோம். கடைசி மேட்ச் முடிந்துதான் அவிழ்ப்பது. அதுவரை ஒருத்தனும் சென்னையைத் தாண்டி ஒரு ராத்திரி தங்கியதில்லை. நான் விரதம் இருக்கிறவன் என்பதால் கட்டுகிற வேலையை என்னிடம் விட்டார்கள். மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது விளையாட்டில்லை. அம்மன் முன்னால் முடிந்த முடிச்சு முடிச்சுதான்.

அந்த வாரம் பாய் கடைக்கு ஒரு போன் வந்தது. கோயம்புத்தூர் போன பிவட், என் தம்பியைக் கூப்பிட்டான். மில்லில் ஒரு ஷூட்டர் வேண்டுமாம். சனி, ஞாயிறு ட்ரையல்ஸ். தேறினால் உடனே பர்மனென்ட். காப்பு கட்டுகிற வெள்ளிக்கிழமை இரவே ரயில் ஏற வேண்டும்.

விஷயம் வயர்மேனுக்குத் தெரியாமல் இருக்குமா? வியாழக்கிழமை கோர்ட்டிலேயே தம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா, நீயும் பொட்டிய கட்டறியாமே?"

"இன்னும் ஒன்னியும் முடிவு பண்ல ணா."

"பலகத் தர வர்ற நேரத்துல வுட்டுப் போவானா எவனாவது? இந்த வருசம் நம்ம டீமு எங்க போய் நிக்கப் போவுது தெரீமா? தர போடறவன் ஆள வுட்ருவானா? உன்ன பர்மனென்ட் பண்ணாம யார பண்ணுவான்? யோசிச்சுப் பாரு."

அவன் சொல்வது நியாயமாகவே பட்டது. அதுதான் பயமாகவும் இருந்தது.

வீட்டில் தம்பி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "நீ காப்பு கட்டினா கைய நீட்டறேன் ணா. கட்டலன்னா ரயிலேர்றேன். எனக்குத் தெரீல. நீ சொல்றதுதான்."

என் மனைவி மஞ்சள் குழைத்த கிண்ணத்தில் கயிறுகளை நனைத்துக்கொண்டிருந்தாள். "தம்பிக்கும் சேத்துதான் நனைச்சிக்கீறேன்" என்றாள் என்னிடம். "அதுக்குப் பாத்த பொண்ணு வூட்டுக்காரங்க மறுபடியும் கேட்டாங்கோ, வேல நெரந்தரமான்னு. நான் இன்னான்னு சொல்றது? கட்டறதா வாணாவான்னு உங்க அம்மனே சொல்லட்டும்."

விடியற்காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் நின்றேன். தாயே, எனக்குக் கணக்குப் போடத் தெரியாது, ஏதாவது காட்டு என்றேன். ஒன்றும் காட்டவில்லை. மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து வருகிற நாற்றம் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

சாயங்காலம் ஆட்டக்காரர்கள் எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்கள். பாய் ஒரு ஓரமாக நின்றார். வயர்மேன் தேங்காய் உடைத்தான், சரிபாதியாக இரண்டு மூடியாக உடைந்தது, "பாத்தியா" என்று எல்லோருக்கும் காட்டினான். கற்பூரம் ஏற்றி ஒவ்வொரு கையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். தம்பி கடைசியாக நின்றான். அவன் பை பாய் கடையில் இருந்தது.

அவனுக்கு முன்னால் நின்றவனுக்கு முடிச்சுப் போட்டு முடித்தபோது, இரண்டாம் கேட்டுக்கு வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அந்தக் கேட் வழியாக லாரி வருவது வழக்கமில்லை. வாட்ச்மேன் இரண்டு கதவையும் அகலத் திறந்தார். ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரி, மேலே துருப்பிடித்த பெரிய பெட்டி. கிளீனர் "வா, வா, வா" என்று கத்த, பின்பக்கமாகவே உள்ளே வந்தது. தொப்பிக்காரர் முன்னால் நடந்து வந்து, "கொஞ்சம் ஓரமா நில்லுங்க, அஞ்சு நிமிஷம்" என்று மரியாதையாகச் சொன்னார்.

பின்சக்கரங்கள் கோர்ட்டின் வெள்ளைக் கோட்டில் ஏறின. பிறகு நடுவட்டத்தில் ஏறின. எல்லோரும் தரையையே பார்த்தோம். விரிசல் சத்தம் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. வண்டி முழுக்க உள்ளே வந்து நின்றது. தரை அசையவில்லை.

"பாத்தியா!" என்று வயர்மேன் கையைத் தட்டினான். "நான் சொன்னேன்ல சார்! ஒரு கீறல் வுட்டுச்சா?"

யாரும் கூடத் தட்டவில்லை. தொப்பிக்காரர் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்துவிட்டு எழுந்தார். கூட வந்தவரிடம், "கன்டெய்னர ரெண்டு அடுக்கா அடுக்கினாலும் தாராளமா தாங்கும். மரம் வரைக்கும் சேர்த்தா நல்ல இடம்" என்றார்.

வயர்மேனின் கைகள் தட்டின இடத்திலேயே நின்றன.

தம்பி என் முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தான். என் விரலில் ஒரு கயிறு இருந்தது. அதைக் கற்பூரத் தட்டில் வைத்தேன். குங்குமத்தை எடுத்து அவன் நெற்றியில் அழுத்தி வைத்தேன்.

"ரயிலுக்கு நேரமாவுது. கெளம்பு."

"மாமு, இன்னா பண்றே?" வயர்மேன் ஓடிவந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "இவனும் பூட்டான்னா டீமு இன்னாவறது? எவன் மூணு பாயிண்ட் போடறது? கயித்த எடு. எடுய்யா!"

பாய் வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "புள்ளய வுடுப்பா. வண்டி புடிக்கணும் அது."

தம்பி அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டான், என் காலில் விழுந்தான். வயர்மேனிடம் ஏதோ சொல்லப் போனான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தம்பி லாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வெளியே போனான். அவனை மில்லில் எடுத்துக்கொண்டார்கள் என்ற செய்தி பிறகுதான் வந்தது. அம்மன் போட்ட பிச்சை. அந்த நிமிஷத்தில் என் கண்ணில் பட்டதெல்லாம் மற்ற பையன்கள்தான். நான் கட்டிய மஞ்சள் கயிற்றோடு வரிசையாக நின்று, அவரவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி சீசன் முடிகிறவரை அவர்களில் ஒருவனும் எல்லை தாண்ட முடியாது.

லாரி டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். ரிங் மாட்டியிருந்த இரும்புக் கம்பத்தைக் காட்டி என்னைக் கேட்டார். "அண்ணே, பின்னால இன்னும் ரெண்டு வண்டி நிக்குது. திரும்ப எடமில்ல. இந்தக் கம்பத்த எப்ப எடுப்பீங்க?"

வயர்மேன்தான் பதில் சொன்னான். சத்தமே இல்லாமல் சொன்னான்.

"சித்திரைல சீசன் கீதுப்பா. அது முடியட்டும்."