ஐலிஃபின் நத்தை

ஜாடியின் மூடியைத் திறந்ததும் தூர்டிஸ் முதலில் மோந்துதான் பார்ப்பார். "எண்பதாம் வருஷத்துக்கு முந்தி மாத்தி ஊத்தின சரக்கு இது. இன்னும் வீரியம் போகல," என்பார், என்னவோ தானே காய்ச்சியதுபோல. பிறகு உள்ளே கிடக்கும் நத்தையை இடுக்கியால் தூக்கி, "வாடா செல்லம், வெளிய வந்து மூஞ்சியக் காட்டு," என்று தட்டில் கிடத்துவார். அது செத்து நூறு வருஷம் ஆகியிருக்கும்.

பெர்கன் நகரத்தில் எங்கள் அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடியில் ஓடில்லாத கடல் நத்தைகள் எல்லாம் அவர் பொறுப்பு. நான் மீன் பிரிவு. இருபத்தாறு வருஷமாக ஒரே அறை, ஒரே காபிப் பானை. இருவர் மேலும் அடிக்கும் ஆல்கஹால் வாடைக்கு பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

இந்த நத்தைகள் உயிரோடிருக்கையில் கண்ணைப் பறிக்கும் நிறம். ஆல்கஹாலில் போட்ட சில வாரத்தில் வெந்த உருளைக்கிழங்குபோல வெளுத்துவிடும். அப்புறம் எந்த இனம் என்று சொல்லப் பல்லைத்தான் நம்ப வேண்டும். மணலைவிடச் சிறிய அந்தப் பற்களைத் தூர்டிஸ் நுண்ணோக்கியில் பார்த்துப் பென்சிலால் வரைவார். மதியத்துக்குக் கொண்டுவந்த ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் காகிதத்திலேயே காயும். சாப்பிடேன் என்றால், "இதுக்குப் பல்லு எண்ணி முடிச்சாத்தான் எனக்குப் பல்லு வேல செய்யும்," என்பார்.

ஐலிஃப் அவருடைய கணவர், கடலில் முக்குளிப்பவர். பதினான்கு வருஷத்துக்கு முன், ஓர் அக்டோபர் காலையில் முக்குளித்துவிட்டுப் படகில் ஏறியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழவேயில்லை. கையிலிருந்த குப்பியில் ஒரு சிவப்பு நத்தை உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது. இதுவரை யாரும் பெயரிடாத இனம் என்று முடிவு செய்து, தூர்டிஸ் அதற்கு 'ஐலிஃபி' என்று அவர் பெயரையே வைத்தார். அது அச்சில் வந்த அன்று நான் அழுதேன். அவர் அழவில்லை.

போன மார்ச்சில் டென்மார்க்கிலிருந்து ஒரு பழைய ஜாடி இரவலாக வந்தது. நூற்று முப்பது வருஷத்துக்கு முன் யாரோ பிடித்து அனுப்பிய அதிலிருந்த நத்தையை ஒரு பாதிரியார் வெள்ளை நத்தை என்று விவரித்து, பெயரும் வைத்திருந்தார். தூர்டிஸ் அதன் பற்களை வரைந்தார். எழுந்துபோய், ஐலிஃபின் நத்தைக்கு வரைந்த படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பல்லில் ஒரு முள்கூட மாறவில்லை, இரண்டும் ஒரே இனம். அந்தப் பாதிரியார் நத்தையை உயிரோடு பார்க்கவேயில்லை. சாயம் போனபின் பார்த்துவிட்டு வெள்ளை என்று எழுதியிருக்கிறார், பாவி. அதை நம்பித்தான் நாங்கள் சிவப்பைக் கண்டதும் புதிது என்றோம். எனக்கு அந்தப் பாதிரியார்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் தொழிலில் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். பின்னால் வைத்ததை, இரண்டும் ஒன்று என்று கண்டுபிடித்தவரே கட்டுரை எழுதி நீக்க வேண்டும்.

"மூடித் திருப்பி அனுப்பிடு, தூர்டிஸ். இன்னும் நூறு வருஷத்துக்கு இத யாரும் தொறக்கப் போறதில்ல," என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன். இன்றைக்கும் அதற்கு நான் வருந்தவில்லை.

"ஐலிஃப் பஸ்ஸுக்குக்கூட வரிசையில முந்த மாட்டான். செத்தப்புறம் முந்தச் சொல்றியா?"

"அப்ப வேற ஒரு புது நத்தைக்கு அவன் பேர வையேன்."

"கடைசியா அவன் கையில இருந்தது இதுதானே," என்றார்.

இரண்டே நாளில் கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் ஐலிஃபின் நத்தை இருந்த ஜாடியை இறக்கி, பாதிரியார் வைத்த பெயரைச் சிறு சீட்டில் எழுதி, மை காயுமுன்பே உள்ளே போட்டுவிட்டார். எழுத்து கரைந்து நத்தையைச் சுற்றிக் கறுப்பாகப் படர்ந்தது. முதல் வருஷ மாணவர்கூடச் செய்யாத தவறு. சீட்டை இடுக்கியால் எடுத்தார். ஆல்கஹாலை மாற்றினார். வேறொரு சீட்டில் மறுபடி எழுதினார். அதை உள்ளங்கையில் வைத்து ஊதினார். மை காய்ந்து வெகுநேரம் ஆகியும் ஊதிக்கொண்டே இருந்தார்.