பூதக்கண்ணாடியின் குடல்

அந்த ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள்தான் மேற்பார்வையாளர். அவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. குளியலறையில் தண்ணீர் போகும் துளையின் சல்லடையைத் திறப்பாள். அதில் வழவழவென்று சிக்கியிருக்கும் யாரோ ஒருவரின் முடியைக் குச்சியால் இழுத்து, துடைத்த பெண்ணின் மூக்குக்கு நேரே பிடிப்பாள். "இது உன் தட்டுல கெடந்தா சாப்பிடுவியா?" என்பாள். தலையணை உறைகளை முகர்ந்து பார்த்து, "சீ, எச்சில் நாத்தம்" என்று தரையில் வீசுவாள். முக்கால்வாசி நேரம் அவள் சொல்வது சரியாகவே இருக்கும். அந்தப் பெண்களுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

வேலையில் அப்படி இருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டிலும் அதே கூத்துதான். கணவர் தும்மினால் போதும், கிருமிநாசினிப் புட்டியோடு ஓடி வருவாள். மனுஷன் வாயே திறக்கமாட்டார். கல்யாணமான புதிதில் ஒருமுறை திறந்து பார்த்து, பிறகு வேண்டாம் சாமி என்று விட்டுவிட்டார்.

கணவரின் தம்பி கழிவுநீர் லாரி ஓட்டுகிறவர். வீடுகளின் மலத்தொட்டி நிரம்பினால் குழாயை இறக்கி உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும் லாரி. அவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வந்தாலும் வாசற்படியோடு சரி. ஒருநாள் அண்ணன் மகனை, அப்போது அவன் தவழ்கிற குழந்தை, ஆசையாகத் தூக்கிக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டார். அவள் குழந்தையை வெடுக்கென்று பிடுங்கிப்போய், வாசலிலிருந்து அவர் பார்க்கப் பார்க்க, அந்தக் கன்னத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இரண்டாவது முறையும் கழுவினாள். குழந்தை வீறிட்டு அழுதது. த்தூ, இப்படியும் ஒரு சுத்தமா! கணவர் அன்றும் செய்தித்தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

வயிற்றுக்கும் அவள் அதே நியாயத்தை வைத்திருந்தாள். கொஞ்சம் புரட்டினால் போதும், எப்போதோ யாருக்கோ வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். "வெளிய கழுவினா போதுமா? உள்ளயும் கழுவ வேணாமா?" என்று பெருமையாக வேறு சொல்வாள். அறைக்கு மருந்தடிக்கிற மாதிரி குடலுக்கும் அடித்துக்கொண்டே இருந்தாள், வருஷக்கணக்காக.

குடல் ஒருநாள் கையை விரித்துவிட்டது.

முதலில் சாதாரணப் பேதி என்றுதான் நினைத்தாள். வழக்கம்போல மாத்திரை போட்டாள். அது இன்னும் மோசமாயிற்று. அடுத்தவர் கழிப்பறையில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் தன் கழிப்பறையிலேயே குடியிருந்தாள். அங்கே போய்ச் சேருவதற்குள் புடவை நனைந்தது. அந்த நாற்றம் சாதாரண நாற்றம் இல்லை. கதவைச் சாத்தினாலும் வீடு முழுக்கச் சுற்றியது. தன் உடம்பைத் தானே தொடக் கூசினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். எலும்பும் தோலுமாகிப் போனாள்.

டாக்டரம்மா படுக்கையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க குடல்ல நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல குடியிருந்துச்சு. கண்ட மாத்திரையும் போட்டு அதுங்களைக் காலி பண்ணிட்டீங்க. காலி எடத்துல ஒரு கெட்ட கிருமி வந்து உக்காந்துக்கிச்சு. நல்லதைத் திரும்பக் குடியேத்தணும். ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்தைச் சோதிச்சு, கரைச்சு, வடிகட்டி, குழாய் வழியா உங்க குடலுக்குள்ள விடணும்."

அவளுக்கு உமட்டிக்கொண்டு வந்தது. கணவர் வாந்திக் கிண்ணத்தை நீட்டினார். வெறும் பித்தம்தான் வந்தது.

"இப்ப இதைப் பத்தி நெறைய ஆராய்ச்சி நடக்குது" என்றார் டாக்டரம்மா. "வயசான எலிக்கு எளவயசு எலியோடதைக் கொடுத்துப் பாத்திருக்காங்க. முதுமையோட சில அறிகுறிகூட கொறஞ்சிருக்கு. மனுஷங்களுக்கு அப்படி ஆகுமான்னு இன்னும் தெரியல. ஆனா உங்க நோய்க்கு இது நல்லாவே கேக்குது."

"அப்ப இவளுக்கு வயசும் கொறையுமா டாக்டர்?" என்றார் கணவர். அவள் முறைத்த முறைப்பில் மறுபடி வாயை மூடிக்கொண்டார்.

"செத்தாலும் சாவேனே தவிர அந்தக் கருமத்தை உள்ள விடமாட்டேன்" என்றாள் அவள்.

அன்று மாலையே கழிப்பறை வாசலில் மயங்கி விழுந்தாள். தன் கழிவிலேயே கிடந்தவளைத் தூக்கிப்போய் இரண்டு நர்சுகள் கழுவினார்கள். அதில் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியதை அவள் பார்த்தாள். இனியும் தள்ளிப்போட்டால் குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், உயிருக்கும் உத்தரவாதமில்லை என்றார் டாக்டரம்மா. சரி என்று தலையாட்டினாள்.

கணவருக்குச் சர்க்கரை, அவர் ஆகாது. வளர்ந்த மகன் முகப்பருவுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவனும் ஆகாது. மிச்சமிருந்தது கொழுந்தன் ஒருவர்தான். வேலையைக் கேட்டதும் டாக்டரம்மாவே தயங்கி, ரத்தம், மலம் என்று ஒன்று விடாமல் இரண்டு தடவை சோதித்தார். மனுஷன் எல்லாவற்றிலும் தேறிவிட்டார்.

அதைக் கேட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேறு யாருமே கிடைக்கவில்லையா? ஊரார் மலத்தோடு புழங்குகிறவனின் மலம், தன் வயிற்றுக்குள்! நினைக்க நினைக்க உடம்பு குறுகியது. ஆனால் சாகவும் பயமாக இருந்தது.

கொழுந்தன் வந்தார். ஆஸ்பத்திரியில் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார். அவள் படுத்திருந்த வார்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குழாய் போட்டார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லைக் கடித்தாள். அந்த வாரமே பேதி நின்றது. பசி எடுத்தது. முகத்தில் களை வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்ன மருந்து என்று கேட்க, "ஏதோ ஊசி" என்று சொல்லிவைத்தாள்.

ஆனாலும் மனசு உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே சமைத்து, கூடத்தில் மேஜை போட்டு, கொழுந்தனுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, இன்னைக்கு மதியம் நம்ம வீட்டுல சாப்பிட வாப்பா. உள்ள வந்து, எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடணும்."



"வேணாம் அண்ணி."

"கோவமாப்பா?"

"கோவமெல்லாம் இல்ல. கோவமா இருந்தா எப்பவோ சண்டை போட்டுத் தீத்திருப்பேன். உயிர் போகுதுன்னு அண்ணன் அழுதாரு, கொடுத்தேன். அது வேற." அவர் தொண்டையைச் செருமினார். "உங்க கையால பரிமாறினதை வாயில வைக்கணும்னு நெனச்சாலே எனக்குக் குமட்டுது அண்ணி. நான் என்ன செய்ய? அருவருப்பு வந்துட்டா சொன்னாப் போகாது. உங்களுக்குத் தெரியாததா?"

அவள் போனை மெதுவாக வைத்தாள்.

மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த கணவர், "என்னவாம்?" என்று கேட்டார்.

"என்னை நெனச்சா குமட்டுதாம்."

அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, தானே பரிமாறிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.